ஒசோரியோ டாங்கிக்கு வாங்குவார் இல்லாமற்போனது ஏன்?
பிரேசிலின் எங்கேசா நிறுவனம் உருவாக்கிய ஒசோரியோ டாங்கி, அமெரிக்க அழுத்தத்தால் மட்டுமே விலைபோகாமல் வீழ்ந்தது என்று ஒரு கட்டுரை முடிவு கூறுகிறது; அதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1987இல், டாங்கி வாங்குவதற்காகச் சவூதி அரேபியா நடத்திய பாலைவனச் சோதனைகளில் அமெரிக்காவின் ஏப்ராம்ஸ், பிரிட்டனின் சேலஞ்சர், பிரான்சின் ஏ.எம்.எக்ஸ்-40 ஆகிய டாங்கிகளோடு போட்டியிட்டு அது நற்பெயர் பெற்றது உண்மைதான். ஆயினும், பீரங்கியைத் தாங்கும் சுழல்மேடையைப் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்திடமும், 120 மி.மீ. பீரங்கியைப் பிரான்சிடமும், என்ஜினை ஜெர்மனியிடமும் பெற்று, சொந்த நாட்டு இராணுவத்தின் கொள்முதல் ஆணைகூட இல்லாமல், பெரும்பாலும் சவூதி அரேபியா என்ற ஒரே வாடிக்கையாளரை நம்பி எங்கேசா இதில் இறங்கியதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. தன் படையே வாங்காத டாங்கியை அயலார் எந்தத் துணிவில் வாங்குவார்கள்? உதிரிப்பாகங்கள் பல்லாண்டுகளுக்குத் தடையின்றிக் கிடைக்குமா என்பதல்லவா வாங்குபவரின் முதற்கவலை! பாதுகாப்புக்கு அமெரிக்காவைச் சார்ந்திருந்த சவூதி அரசு ஏப்ராம்ஸையே வாங்கியது. எங்கேசா 1993இல் திவாலானது. பிரேசில் இராணுவமோ, பிறர் பயன்படுத்திய ஜெர்மானிய லெப்பர்ட்-1 டாங்கிகளைப் பிற்பாடு வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டது.