சென்டரில் சேர்த்தாச்சு, சரி, அப்புறம்?

உள்பெட்டியில் அடிக்கடி வரும் கேள்வி இது. "அக்கா, நல்ல டீஅடிக்‌ஷன் சென்டர் ஏதாவது தெரியுமா? எவ்வளவு ஆகும்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?" கேட்பவர்கள் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா, சில நேரம் காலேஜ் படிக்கும் மகள். என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். ஆனால் சிகிச்சை முடிந்து ஆள் வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு என்ன செய்வது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. குடிநோய்க்கான சிகிச்சையில் பெரிய பாதி அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊர்களில் ஒன்றுமே இல்லாத பாதியும் அதுதான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேர்க்கும் கட்டத்தையே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேயே உயிர் போகிறது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பேய் பிடித்தது என்பார்கள், நடிக்கிறான் என்பார்கள். இது மருத்துவ அவசரம், கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். மருத்துவமனையில் சேர்த்தால் பி1 வைட்டமின் ஊசி, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து என்று கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் உடம்பைக் கரையேற்றிவிடுவார்கள். கோவிலில் கயிறு கட்டுவதையோ மாலை போடுவதையோ நான் குறை சொல்லவில்லை, அந்த நம்பிக்கை எத்தனையோ பேரைக் கொஞ்ச காலமாவது நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீரவே ஒரு கட்டிங் தேவைப்படுகிற ஆள், டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டாக்டரைப் பார்த்துவிட்டுக் கயிறு கட்டிக்கொள்ளட்டும், தவறே இல்லை.

இன்னொன்று, பஸ் ஸ்டாண்ட் சுவரில் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று போன் நம்பரோடு ஒட்டியிருப்பார்களே, அதை வாங்கிச் சாம்பாரில் கலக்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு, டாக்டர்களே கொடுப்பதுதான், அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். தெரிந்து சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார், அதற்குத்தான் அந்த மாத்திரை. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார், உயிருக்கே ஆபத்தாகிவிடும். மனைவிமார் இதை ஆசை ஆசையாக வாங்கிக் கலக்குவதை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் கோபம் வரவில்லை, வேறு வழி எதுவும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் எங்கே? நம் தெருவில்தான் இருக்கிறார்கள்.

தனியார் சென்டர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நல்லவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி வேன் எடுத்துக்கொண்டு வந்து, நாலு பேர் ஆளை அமுக்கித் தூக்கிப்போய், அடித்து, கட்டிப்போட்டு, மூன்று மாதம் வீட்டாரைப் பார்க்கவே விடாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். என் சித்தப்பா முதலில் அப்படி ஓர் இடத்தில்தான் இருந்துவிட்டு வந்தார். பெயர் வேண்டாம். வந்த அன்று சித்தி தோசை சுட்டுப் போட்டாள், அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது பக்கத்தில் நடந்தால் தலையைக் குனிந்து தோளைக் குறுக்கிக்கொண்டார். குடியை விட்டாரா என்றால், அந்த வாரமே ஆரம்பித்துவிட்டார். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பை மனநோய்க்குள்தான் சேர்க்கிறது. இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது, உள்ளே இருப்பவர் போனில் பேசவும் பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும் உரிமை உண்டு. சேர்ப்பதற்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருவார் என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்மா" என்று பதில் வந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் போதும், கூச்சப்பட ஒன்றுமில்லை. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2025-ல் மாநில அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 மனநல உதவிக்கு, தமிழிலேயே பேசலாம்.

சரி, எல்லாம் நன்றாக நடந்து ஆள் தெளிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது தெரியுமா? சாயங்காலம் ஆறு மணி ஆகிறது. இத்தனை வருடமாக அந்த நேரத்தில் எங்கே போனார், யாரோடு இருந்தார், என்ன பேசினார், எல்லாமே ஒரே இடத்தில் இருந்தது. இப்போது அவருக்குப் போக இடமில்லை, நண்பர்கள் என்று இருந்த அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தால் மனைவி வாயை மோந்து பார்க்கிறாள் (அவளைக் குற்றம் சொல்லவே முடியாது, அவள் பட்டது அப்படி), மகன் பேசுவதில்லை, கடன்காரன் போன் அடிக்கிறான். தெளிந்த மனதோடு முதல்முறையாக இதையெல்லாம் பார்க்கிறார். ஆஸ்பத்திரி வார்டில் இருந்ததைவிட இதுதான் கஷ்டம் என்று சித்தப்பாவே சொன்னார்.

அவர் பெயின்டர். இரண்டாம் முறை அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து வந்த பிறகு அவரைப் பிடித்து நிறுத்தியது யார் என்று என்னைக் கேட்டால், அவருடைய மேஸ்திரி என்றுதான் சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் கூலி பட்டுவாடா. கையில் காசு, உடம்பில் அலுப்பு, கூடவே போகக் கூப்பிடும் நாலு பேர். அந்த மனிதர் சித்தப்பாவிடம் தனியாகக் கேட்டார், "அண்ணே, உங்க காசை ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுல கொண்டாந்து குடுக்கட்டுமா?" சித்தப்பா சரி என்றார். அன்றிலிருந்து ஞாயிறு காலை சித்தி காபி போட்டு வைத்திருப்பாள், மேஸ்திரி டிவிஎஸ்-ஐத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு வந்து பணத்தை எண்ணிச் சித்தப்பா கையிலேயே கொடுப்பார், சித்தியிடம் கொடுக்கமாட்டார். அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆளைக் குழந்தையாக்கவில்லை, அவருடைய கூலியை அவரிடமே கொடுத்தார், நேரத்தை மட்டும் மாற்றினார். எந்த டாக்டர் சீட்டிலும் இது எழுதியிருக்காது. சமூக ஆதரவு என்று மேடையில் பேசுகிறோமே, அது எனக்கு அந்த டிவிஎஸ்தான்.

அதற்கு நேர்மாறாக நாம் செய்வதையும் பாருங்கள். கேத வீட்டில் பந்தல் போட வந்தவர்களுக்குக் குவார்ட்டர் வாங்கிக் கொடுக்காவிட்டால் மரியாதை இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழர்களுக்குத் தனி ரூம். நிறுத்தி ஆறு மாதம் ஆன ஆளைப் பார்த்து "என்ன மாமா, சாமியாராயிட்டீங்களா, ஒரு பெக்தானே" என்று கையில் திணிக்கிறோம். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

மறுபடி குடித்துவிட்டால்? பலர் குடிப்பார்கள். "லட்சம் செலவு பண்ணியும் திருந்தலை, இவன் தலையெழுத்து" என்று குடும்பம் கைகழுவும் இடம் இதுதான். மாத்திரையை விட்டதால் சர்க்கரை ஏறிப்போன அத்தையிடம் நாம் இப்படிப் பேசுவதில்லை, திட்டிக்கொண்டே திரும்ப டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். குடிநோயும் திரும்பத் திரும்ப வரக்கூடிய நாள்பட்ட நோய்தான், மருந்தை மாற்ற வேண்டும், மறுபடி கவுன்சிலிங் போக வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்கு அரசிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறார்கள், அந்தந்த ஊர்ப் பெண்கள்தான் தன்னார்வலர்களாக வருகிறார்கள், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுத்து, சிகிச்சை முடிந்து வந்தவர் வீட்டிலும் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்து, மாத்திரை சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வீட்டுக்காரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கச் சொன்னால் என்ன?

நடக்காத காரியம் இல்லை, தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டிடிகே மருத்துவமனை என்று நாம் சொல்லும் மையத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வர முடியாதவர்களுக்காக அவருடைய ஆட்கள் திருவாரூர் பக்கம் மஞ்சக்குடிக்கே போய், ஊர்க்காரர்கள் இடம் கொடுக்க, அங்கேயே முகாம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள். முகாம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடாமல், மாதாமாதம் திரும்பி வந்து விசாரித்ததுதான் அதன் உயிர். ஊரே கூடி நிறுத்தியதால், ஒருவர் குடிக்காமல் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயமாகவும் ஊரே காக்கிற விஷயமாகவும் ஆனது. இதை ஒன்றியத்துக்கு ஒன்று என்று செய்ய நம்மிடம் டாக்டர்கள் போதாது என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடம் கொடுக்கவும் விசாரிக்கவும் டாக்டர் வேண்டியதில்லையே.

ஏஏ கூட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவது. 1935-ல் அமெரிக்காவில் குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே தெளிந்ததில் தொடங்கியது. பீஸ் கிடையாது, சாதி மதம் கேட்பதில்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் போதும். நம் ஊர்களில் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட அறையிலோ சாயங்காலம் நடக்கும். எல்லோருக்கும் திறந்த கூட்டம் ஒன்றில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார், மகள் சடங்குக்கு வாங்கி வைத்த தோட்டை அடகு வைத்ததைச் சொல்கிறார், யாரும் உச்சுக்கொட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை, பாதிப் பேர் தலையை மட்டும் ஆட்டினார்கள். குடிக்காமல் ஒரு வருடம் ஆனால் அதைப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த ஆறு மணிக்குப் போக ஓர் இடமும், வெட்கமில்லாமல் பேச ஆட்களும் கிடைக்கிறது, அதுவே பெரிய வைத்தியம். எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன், சிலருக்கு அங்கே வரும் கடவுள் பேச்சு பிடிக்காது, சிலருக்கு டாக்டரும் மாத்திரையுமே போதும். குடும்பத்தாருக்கு ஆல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. சித்தி அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் "அவரு குடிச்சதுக்கு நான் காரணமில்ல" என்று வாய்விட்டுச் சொன்னாள். மாமியார் முதல் பக்கத்து வீடு வரை எல்லோரும் அவளிடம் நேர்மாறாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குடிக்கும் பெண்களுக்கு நம்மிடம் அநேகமாக ஒன்றுமே இல்லை. வார்டில் தனி இடம் கிடைப்பது அபூர்வம், கூட்டத்துக்கு வந்தால் ஊர் பேசும், வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அது இன்னொரு நாள்.

2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். அப்போது கடைகள் ஏறக்குறைய 4,800. பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து ராத்திரி பத்து மணி வரை இருக்கும், சின்ன ஊரிலும் வழி கேட்காமலே போய்விடலாம். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைப் பார்த்தபின் கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடிக்க வைத்து வரும் பணத்தில் ஒரு பங்கு, நிறுத்த விரும்புகிறவனுக்கு என்று சட்டப்படியே ஒதுக்கப்பட வேண்டும், அதைத்தான் கேட்கிறேன். அது சலுகை இல்லை, அவனிடமிருந்து வாங்கிய காசுதான்.

அரசு செய்யும்போது செய்யட்டும். உங்கள் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பூட்டிக் கிடக்கும் அறை ஏதாவது இருக்கும், சங்கக் கட்டடம், பள்ளி வகுப்பறை, சர்ச் ஹால், மண்டபத்து மாடி, எதுவானாலும் சரி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய், வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கூட்டம் நடத்தத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கூட்டம் நடக்கிற ஊராக இருந்தால் ஊர், கிழமை, நேரம் மூன்றையும் கீழே கமென்ட்டில் போடுங்கள், தொகுத்து முதல் கமென்ட்டாக வைக்கிறேன். யாருடைய பெயரும் நம்பரும் போட வேண்டாம்.