மூவாயிரம் ரூபாய்க்கு எந்த ஆர்பிஜி வாங்கலாம்? முதலில் சேவ் எப்படி ஆகிறது என்று பாருங்கள்

போனஸில் மிஞ்சியதோ, பிறந்தநாளுக்கு வந்ததோ, கையில் ஒரு ₹3,000 இருக்கிறது. ஒரு பாத்திரமாக மாறி, நீண்ட கதையில் அதை வளர்த்துக்கொண்டே ஆடும் நல்ல ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம்) ஒன்று வாங்கணும். உடனே எல்லாரும் செய்வது, ‘சிறந்த பத்து ஆர்பிஜி’ என்று தேடி முதலில் நிற்பதை வாங்கிவிடுவது. அந்தப் பட்டியல்களில் இருப்பவை பெரும்பாலும் நல்ல கேம்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆர்பிஜி என்பது முப்பது மணி நேரத்தில் தொடங்கி நூறு மணி நேரத்துக்கு மேலும் கேட்கும் சமாச்சாரம். பாதியில் விட்டுப்போன கேம்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் மோசமான கேம் குறைவு. அது கேட்கிற மாதிரி நம்மால் உட்கார முடியாமல் போனதே அதிகம். அதனால் யார் கேட்டாலும் கதை, கிராபிக்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியிருக்குமா?

இதற்கான பதில், ஆடிய இடத்தைப் பதிந்து வைக்கும் கேமின் சேவ் முறையில் இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3-இல் சண்டைக்கு நடுவிலேயே எஃப்5 அழுத்தி சேவ் செய்யலாம். முறை வைத்து ஆடும் சண்டை என்பதால் உங்கள் முறை வந்ததும் கேம் உங்களுக்காகக் காத்திருக்கும். குக்கர் விசில் அடித்தாலும், குழந்தை எழுந்து அழுதாலும் போய்விட்டு வரலாம். விட்சர் 3-இல் சண்டை நேரம் தவிர எங்கே வேண்டுமானாலும் சேவ் ஆகும், ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பாஸும் உண்டு. டிஸ்கோ எலிசியத்தில் உரையாடலுக்கு வெளியே எப்போதும் சேவ் செய்யலாம்.

எல்டன் ரிங்கில் பாஸ் கிடையாது. மெனுவைத் திறந்து வைத்தாலும் எதிரி வந்து அடிப்பான். கேம் தானாக சேவ் செய்துகொண்டே இருக்கும் என்பதால், பக்கத்தில் எதிரி இல்லாதபோது வெளியேறினால் அதே இடத்திலிருந்து தொடரலாம். பெரிய எதிரியோடு நடக்கும் சண்டைக்கு நடுவில் அழைப்பு மணி அடித்தால் அந்த முயற்சி போனதுதான். ஆக, நேரம் குறைவாக இருப்பவர்களுக்குக்கூட எல்டன் ரிங் ஒத்துவரும், குறுக்கீடு அதிகம் இருக்கிற வீட்டுக்குத்தான் ஒத்துவராது. இந்த வித்தியாசத்தை விமர்சனம் எழுதுகிறவர்கள் சொல்வதே இல்லை.

பர்சோனா 5 ராயல் வேறு விதம். முதல் சில மணி நேரம் கதைக் காட்சிகள் நீளமாக ஓடும், அங்கே நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. ‘பேலஸ்’ எனப்படும் பெரிய நிலவறைகளில் பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சேவ். தினம் அரை மணி நேரம் கிடைக்கிறவர் இதைத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் சொர்க்கம். இதை வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ராயலில் கூடுதலாகச் சேர்த்த கடைசிப் பகுதி எல்லாருக்கும் தானாகத் திறக்காது. மருகி என்ற ஆலோசகரோடு உள்ள நட்பை, கேம் காலண்டரில் நவம்பர் நடுவுக்குள் 9-ஆம் நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். கேம் இதைச் சொல்லிக் கொடுக்காது. தவறவிட்டால் ராயல் பதிப்பு வாங்கியதற்கான முக்கியக் காரணமே கைக்குக் கிடைக்காமல் போகும்.

1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கும் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் இன்னும் கறார். அங்கே சேவ் செய்ய ஒரு மதுவைக் குடிக்கணும், இல்லை சொந்தப் படுக்கையில் தூங்கணும். ‘சேவ் செய்து வெளியேறு’ என்ற வசதியைப் பின்னால் சேர்த்தார்கள், அந்த சேவ் ஒரு தடவை திறப்பதற்கு மட்டும்தான். பொறுமைசாலிகளுக்கு அருமையான கேம். முதல் ஆர்பிஜியாக வேண்டாம்.

அடுத்தது உங்கள் கம்ப்யூட்டர். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி எஸ்எஸ்டி இடம் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டால் சுவர்களும் முகங்களும் தாமதமாக வந்து ஒட்டும். கேமைத் திருத்தும் பேட்ச் இறங்கும்போது பழைய கோப்பும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும் என்பதால் அதற்கும் மேலே இடம் காலியாக வைத்திருங்கள். டவுன்லோடுக்கு 40 எம்பிபிஎஸ் இணைப்பில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருந்தால் 75 நாள், அதாவது முடியாது. அவர்களுக்கு 20 ஜிபியில் அடங்கும் டிஸ்கோ எலிசியம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் கேம் வாங்குமுன் ரேமைப் பாருங்கள். பல லேப்டாப்கள் ஒரே ஒரு 8 ஜிபி குச்சியோடு வருகின்றன. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால், இன்னொரு 8 ஜிபி போட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இரட்டைச் சேனல் ஆக்குங்கள். இப்போதைய பெரிய ஆர்பிஜி பலவும் 12 அல்லது 16 ஜிபி கேட்கின்றன. அது இல்லாமல் கேம் மட்டும் வாங்கினால் திக்கித் திக்கித்தான் ஓடும். இருக்கிற பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ரேமுக்குப் போடுங்கள். தள்ளுபடி அடுத்த சேலிலும் வரும்.

4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள கார்டில் பால்டர்ஸ் கேட் 3 ஓடும். டெக்ஸ்சரை மீடியத்தில் வையுங்கள், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் அல்லது டிஎல்எஸ்எஸ்ஸை ‘குவாலிட்டி’யில் வையுங்கள். இந்தக் கேமின் கதை மூன்று பாகம், அதில் முதல் இரண்டும் சுகமாகப் போகும். மூன்றாம் பாகத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் படம் ஓடும் வேகமான பிரேம் சட்டென்று விழும். அங்கே கிராபிக்ஸ் கார்டைவிடப் பிராசஸருக்குத்தான் வேலை அதிகம், ஏனென்றால் தெருவில் நடமாடும் அத்தனை பேரையும் அதுதான் கணக்குப் போடுகிறது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்துப் பலனில்லை என்று பலர் குழம்புவது இங்கேதான். செட்டிங்ஸில் கூட்டத்துக்கான ‘டைனமிக் கிரவுட்ஸ்’ என்பதை அணையுங்கள். கேம் திடீரென மூடிக்கொண்டால் கேமுக்கு முன்னால் திறக்கும் லாஞ்சரில், படம் வரையும் முறையை வல்கனிலிருந்து டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாற்றிப் பாருங்கள்.

விட்சர் 3-இலும் இப்படி ஒரு இடம் உண்டு. 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று இரண்டு தேர்வு இருக்கும். 12-இல்தான் ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கெல்லாம் வரும், நடுத்தர கார்டில் திணறவும் செய்யும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டு வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் 11-ஐத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் ஆப்ஷன்ஸில் ‘மூவ்மென்ட் ரெஸ்பான்ஸ்’ என்பதை ‘ஆல்டர்னேட்டிவ்’ ஆக்குங்கள். நாம் ஆடும் நாயகன் ஜெரால்ட் ஒரு படி தள்ளிப் போய் நிற்கிறான் என்ற குறை பாதி தீர்ந்துவிடும். இன்னொன்று: வரைபடத்தில் தெரியும் கேள்விக்குறிகளை மறைத்துவிடுங்கள். ஸ்கெல்லிகே தீவுக்கூட்டத்தில் கடலில் மிதக்கும் கடத்தல்காரர் பெட்டிகளைத் தேடி மணிக்கணக்கில் படகு ஓட்டி, அதோடு கேமையே மூடிவைத்தவர்கள் ஏராளம். அந்தப் பெட்டிகளில் பெரிதாக ஒன்றுமில்லை. விட்சர் 3-இன் உயிர் அதன் கதைகளில்தான் இருக்கிறது, அதிலும் வேலன் என்ற பகுதியில் வரும் ‘பிளடி பேரன்’ கதையில். அதைத் தாண்டியும் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், ஆனால் அதற்கு முன்னால் விடாதீர்கள்.

இப்போது என் தீர்ப்பு. இதுவரை ஆர்பிஜி ஆடாதவர், பட்ஜெட் இறுக்கம், தினம் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றால் விட்சர் 3 ‘கம்ப்ளீட் எடிஷன்’. 2015 மே மாதம் வந்த கேம் என்பதால் பெரிய சேல்களில் பல தடவை எண்பது சதவீதம், அதற்கு மேலும் குறைகிறது. ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’, ‘பிளட் அண்ட் வைன்’ இரண்டு விரிவாக்கமும் அதிலேயே உண்டு. அடிப்படைப் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள். ‘பிளட் அண்ட் வைன்’ ஒன்றே தனி கேம் அளவுக்கு இருக்கும்.

அதே ஆள் ₹3,000 முழுவதையும் செலவழிக்கத் தயார், கம்ப்யூட்டரும் தாங்கும் என்றால், பால்டர்ஸ் கேட் 3. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இந்திய விலை ₹2,999. 2023 ஆகஸ்டில் வந்தது, சேலில் பொதுவாக 20, 25 சதவீதம்தான் குறைப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், ஒரே திரையில் இரண்டு பேரும் ஆடலாம். அண்ணன் தம்பி, கணவன் மனைவி சேர்ந்து ஆட இதைவிட நல்ல ஆர்பிஜி எனக்குத் தெரியவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பால்டர்ஸ் கேட் 3-இல் தடுக்கி விழுவது மூன்று இடங்களில். முதலாவது, இரண்டாம் மூன்றாம் லெவலிலேயே கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் முகாமுக்குப் போய் அடிவாங்குவது. கதையின் தொடக்கத்தில் வரும் தோப்பைச் சுற்றியுள்ள இடங்களையெல்லாம் முடித்து நான்காம் லெவலில் போங்கள். ஐந்தாம் லெவலில் சண்டை வீரர்களுக்கு ஒரு முறையில் இரண்டு அடி கிடைக்கும், மந்திரவாதிக்கு ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் கிடைக்கும், கேமே வேறாகிவிடும். இரண்டாவது, தூங்கவே பயப்படுவது. நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப்பொருள் புள்ளி போதும், கண்ணில் படும் பழத்தையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டே போனால் பஞ்சமே வராது. தோழர்களின் கதைக் காட்சிகள் பல முகாமில் இரவில்தான் வரும், தூங்காதவர்கள் அவற்றை இழப்பார்கள். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் விடுதியைப் பார்த்துவிட்டுப் போய்த் தூங்கினால் உள்ளே இருப்பவர்கள் செத்துவிடுவார்கள், கண்முன்னே அவசரம் தெரிந்தால் அதை முதலில் முடியுங்கள். மூன்றாவது, வீரன், மந்திரவாதி போன்றவற்றில் தப்பான வகுப்பை எடுத்துவிட்டோமோ என்று மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. தேவையே இல்லை. விதர்ஸ் என்ற எலும்பு மனிதர் முகாமுக்கு வந்து சேர்ந்ததும் 100 பொற்காசு கொடுத்தால் வகுப்பையே மாற்றித் தருவார்.

கை வேகத்தில் மகிழ்ச்சி காண்பவர், பத்து தடவை தோற்றாலும் பதினொன்றாவது தடவை சிரித்துக்கொண்டு போகிறவர் என்றால் எல்டன் ரிங். தொடக்கத்திலேயே குதிரைமேல் வரும் தங்கக் கவச வீரனைச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். முதல் பெரிய கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட்டிடம் தோற்றால் தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய் வலுவாகித் திரும்புங்கள். ஆயுதத்தைக் கல் போட்டு மேம்படுத்துவது லெவல் ஏற்றுவதைவிடச் சீக்கிரம் பலன் தரும், லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளை உயிர்பலத்தைக் கூட்டும் ‘விகர்’-இல் முதலில் போடுங்கள். 2024-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கத்தைச் சேர்த்து வாங்க இப்போது அவசரமில்லை. ரடான், மோக் என்ற பெரிய எதிரிகள் இருவரையும் வென்ற பிறகுதான் அதற்குள் நுழையவே முடியும், அதற்குப் பல வாரம் ஆகும்.

நூறு மணி நேரமெல்லாம் என்னால் ஆகாது, முப்பதில் முடியணும் என்பவர்களுக்கு 2025 ஏப்ரலில் வந்த எக்ஸ்பெடிஷன் 33. முறை வைத்த சண்டைதான், ஆனால் எதிரி அடிக்கும் நொடியில் சரியாக பட்டனை அழுத்தித் தடுக்கணும். டிவியில் ஆடினால் ‘கேம் மோட்’ போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் தாமதமாகி எப்போதும் தப்பாகவே அழுத்துவீர்கள். கைக்கு வரவில்லை என்றால் ‘ஸ்டோரி’ கடினநிலையில் தடுப்பதற்கு அதிக நேரம் கிடைக்கும்.

மொழி விஷயம் ஒன்று சொல்லணும். இந்தப் பட்டியலில் எதிலும் தமிழ் கிடையாது. டிஸ்கோ எலிசியம் பத்து லட்சம் வார்த்தைக்கு மேல் ஆங்கிலம், அதுவும் எளிய ஆங்கிலம் இல்லை. படிக்கப் பிடித்தவருக்கு அதற்கு ஈடே கிடையாது. படிக்கச் சிரமப்படுகிறவருக்கு நூறு ரூபாய்க்குக் கிடைத்தாலும் நஷ்டம்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு: டிஸ்க் போடும் வசதி இருந்தால் டிஸ்கே வாங்குங்கள், முடித்ததும் விற்றுவிடலாம். விட்சர் 3, எல்டன் ரிங் இரண்டுக்கும் பிஎஸ்4 டிஸ்க் வாங்கினாலே பிஎஸ்5 பதிப்பு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் டிஸ்க் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டலில் அது உதவாது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது, அதனால் அங்கே நன்றாக யோசித்து வாங்குங்கள்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். ஆர்பிஜி விஷயத்தில் அந்த இரண்டு மணி நேரம் சட்டென்று கரைந்துவிடும். முகத்துக்கு மூக்கு வைப்பதிலேயே ஒரு மணி நேரம் போகும். லாஞ்சர் திறந்திருக்கும் நேரமும், முதல் தடவை திறக்கும்போது கேம் ஷேடர் எனப்படும் கிராபிக்ஸ் கோப்புகளைத் தயார் செய்யும் நேரமும் கணக்கில் சேரும். அதனால் வாங்கியதும் நேராக செட்டிங்ஸ் போய் எழுத்தின் அளவு கண்ணுக்குப் போதுமா என்று பாருங்கள். தயாராக இருக்கும் பாத்திரம் ஒன்றை எடுத்து முதல் சண்டைவரை ஓட்டுங்கள், பிரேம் எப்படி என்று தெரிந்துவிடும். ஒத்துவந்தால் அப்புறம் ஆற அமர முகம் செய்துகொள்ளலாம்.

சேலுக்குக் காத்திருப்பவர்கள் ஜூன் கடைசியையும் டிசம்பர் கடைசியையும் குறிவையுங்கள். விலை வரலாற்றைக் காட்டும் ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டால் இதுவரை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தெரியும். வாங்கிய சில நாளிலேயே விலை குறைந்துவிட்டால், மேலே சொன்ன வரம்புக்குள் இருந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். ஸ்டீமே இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்று விதியில் எழுதியிருக்கிறது. சேவ் கோப்பு பெரும்பாலும் கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ இருக்கும், ஆடியது வீணாகாது.