வட்டமா வந்துருச்சுண்ணே

செல்லூர் பக்கம் ஒரு மாவு மில்லு. தீபாவளிக்கு இன்னும் ஆறே நாள், ஐப்பசி மழை நசநசன்னு தூறிக்கிட்டு இருக்கு. வாசல்ல "ஈர மாவு 4 மணிக்கு மேல்"னு சாக்பீஸ்ல எழுதி வச்சு, அந்த 4 பாதி அழிஞ்சு 1 மாதிரி தெரியுறதுனால மத்தியானத்துலருந்தே சண்ட. மில்லுக்காரருக்கு அறுபது இருக்கும், புருவம் வெளுத்தது வயசுனாலயா மாவுனாலயான்னு யாருக்கும் தெரியாது. ஒரு கையில ஈர அரிசி தூக்குவாளி, இன்னொரு கையில எவர்சில்வர் சம்படம், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு தம்பி ஒருத்தன் உள்ள வர்றான்.

தம்பி: என்னண்ணே அரைச்சு குடுத்தீங்க போன வாட்டி? ரெண்டு கிலோ மாவும் வீணாப்போச்சு.

மில்லுக்காரர்: என்னது? பெல்ட்டு சத்தத்துல கேக்கல.

தம்பி: வீணாப்போச்சுங்கறேன்!

மில்லுக்காரர்: இரு, நிப்பாட்டுறேன். (நிப்பாட்டுறாரு.) என்ன, மிளகா நெடி அடிக்குதா? அது வேற மெசினுப்பா. உனக்கு போடுறதுக்கு முன்னாடி ஒரு கை பச்சரிசிய வேற ஓட்டி விட்டேன்ல.

தம்பி: நெடியெல்லாம் ஒன்னுமில்ல.

மில்லுக்காரர்: கப்பி நிக்குதா?

தம்பி: சலிச்சுப் பாத்தா ஒரு கரண்டி கூட நிக்கல, அம்புட்டு நைஸு.

மில்லுக்காரர்: பெறகு என்னடா நோவு உனக்கு?

தம்பி: அதிரசம் வட்டமா வந்துருச்சுண்ணே.

(மில்லுக்காரர் காதுல வச்சிருந்த பஞ்ச எடுத்து சட்டைப்பையில போடுறாரு.)

மில்லுக்காரர்: திருப்பி சொல்லு.

தம்பி: வட்டமா, உப்பி, ஓரம் லேசா முறுகலா, நடுவுல மெத்து மெத்துன்னு வந்துருச்சு. ரெண்டு தடவ பண்ணிட்டேன், ரெண்டு தடவயும் அப்பிடியே. வீட்ல ஒருத்தரு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாய்ங்க, எங்க பெரியப்பா ஒன்ன பிச்சு வாயில போட்டுட்டு "கடையில வாங்குன மாதிரி இருக்குடா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சே போயிட்டாரு.

மில்லுக்காரர்: தம்பி, முப்பத்தஞ்சு வருசமா இந்த ஸ்டூல்ல உக்காந்துருக்கேன். எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போச்சுன்னு வந்து வைவாங்க, கல்லாட்டம் இருக்குன்னு வைவாங்க, ஒரு அம்மா சட்டியோட தூக்கிட்டு வந்து என் மண்டையில கவுக்கப் பாத்துச்சு. நல்லா வந்துருச்சுன்னு ஒறண்ட இழுக்க வந்தவன் நீ ஒருத்தன்தான்டா.

தம்பி: அண்ணே, எங்க வீட்டுப் பலகாரம் அதிரசம் இல்லண்ணே. உதிரசம்.

மில்லுக்காரர்: என்ன ரசம்?

தம்பி: உதிரசம். எங்க அப்பத்தா செய்யுறது. அதே பச்சரிசி, அதே மண்டவெல்லம், சுக்கு, ஏலக்கா எல்லாம் அதேதான். ஆனா எண்ணெயில விட்டதும் வட்டமா நிக்காது, பூ மாதிரி விரிஞ்சு பொலபொலன்னு உதிரும், அத ஜல்லிக்கரண்டியில அள்ளி ரெண்டு தட்டக்கரண்டிக்கு நடுவுல வச்சு அமுக்கி எண்ணெய வடிச்சு பித்தள போணியில போட்டு மூடி வச்சுரும். நாங்க டம்ளர்ல வாங்கி ஸ்பூன்ல திம்போம். தீபாவளின்னாலே எங்களுக்கு அதுதான். எங்க அக்கா கல்யாணத்துல பந்தியில போட்டோம்ணே.

மில்லுக்காரர்: பந்தியிலயா!

தம்பி: ஆமா. சமையல் மாஸ்டரு முடியவே முடியாதுன்னாரு. "தம்பி, இத எல இலையா வச்சா நாளைக்கு எனக்கு எவன் ஆர்டர் குடுப்பான்"னு கண்ணுல தண்ணி வச்சுட்டாரு. எங்க பெரியப்பா விடல. எங்க குலப் பலகாரம், வச்சே ஆகணும்னுட்டாரு.

மில்லுக்காரர்: உங்க அப்பத்தான்னா… காதுல தண்டட்டி போட்டுக்கிட்டு, மேலூர் பக்கத்துலருந்து வாக்கப்பட்டு வந்த ஆத்தாவா? இந்தா இந்தப் பெஞ்சுல உக்காந்து வெத்தல இடிக்கும்?

தம்பி: அதேதான்! போன தீபாவளிக்கு முன்னாடி தவறிருச்சு. அந்த வருசம் பண்டிக கும்புடல, இந்த வருசந்தான் அது இல்லாம மொத தீபாவளி. பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான் ஒருத்தன்தான், அதனால என் தலையில கட்டிட்டாய்ங்க.

மில்லுக்காரர்: முழுசாப் பாத்தியா?

தம்பி: முழுசாத்தான். அரிசிய ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, வடிச்சு, வெள்ள வேட்டியில நெழல்ல உலத்தி, கையில புடிச்சா ஒட்டணும் உதறுனா விழணும் அந்த ஈரத்துல உங்ககிட்ட கொண்டாறது வரைக்கும் கூடவே இருப்பேன். ஆனா பாகு வக்கிற நேரத்துல மட்டும் ஏலக்கா வாங்கிட்டு வாடான்னு கடைக்கு அனுப்பிரும்.

மில்லுக்காரர்: வீட்ல ஏலக்கா இருக்காதா?

தம்பி: அங்கதாண்ணே ஆச்சரியம். டப்பா நெறைய இருக்கும். ஒவ்வொரு வருசமும் நானும் வாங்கிட்டு வந்து அந்த டப்பாவுலயே கொட்டுவேன்.

(மில்லுக்காரர் சிரிக்க ஆரம்பிச்சு, இருமி, மாவு பறந்து, மறுபடி சிரிக்கிறாரு. இதுக்கு ஒரு ரெண்டு நிமிசம் ஆகுது. வெளிய க்யூவுல நிக்கிற அம்மா "அண்ணே மெசின ஓட்டுங்க"ன்னு சத்தம் போடுது, இவரு காதுல வாங்கல.)

தம்பி: என்னண்ணே லந்தா?

மில்லுக்காரர்: நீ பாகு எப்பிடி வச்ச?

தம்பி: யூடியூப் பாத்துதான். கிலோவுக்கு முக்கா கிலோ வெல்லம், மண்ணு போக வடிகட்டி, கொதிக்க விட்டு, தட்டுல தண்ணி வச்சு ஒரு சொட்டு விட்டுப் பாத்து, தண்ணிக்குள்ளயே கூட்டி உருட்டுனா மெத்துன்னு உருண்ட வரணும், வந்ததும் எறக்கிட்டேன்.

மில்லுக்காரர்: அதான் கேட்டுப்போச்சு. யூடியூப்ல சரியா சொல்லிக் குடுத்துட்டாய்ங்க.

தம்பி: புரியல.

மில்லுக்காரர்: கிட்ட வா. உங்க ஆத்தா எங்கம்மாகிட்ட மட்டும் சொன்னது. 1967 எலெக்சனுக்கு முந்துன தீபாவளி. ரூவாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு ஊரெல்லாம் மேடையில பேசிக்கிட்டிருந்த நேரம், அரிசிக்கு அம்புட்டுப் பஞ்சம். உங்க ஆத்தா தலதீபாவளிய அம்மா வீட்ல முடிச்சுட்டு, அந்த வருசந்தான் மொத மொத புருசன் வீட்ல அடுப்பு முன்னாடி உக்காருது. மாமியா இல்லாத வீடு. மாமனாரு, நாலு கொழுந்தன், எல்லாம் ஆம்பளைங்க. இது பயத்துல பாகு கம்பி விழுந்ததும் எறக்கிருச்சு. மாவு எளகிப் போச்சு, எண்ணெயில போட்டா அம்புட்டும் பிரிஞ்சு போச்சு.

தம்பி: ஐயையோ.

மில்லுக்காரர்: தூக்கிப் போடுற காலமா அது? அள்ளிப் போணியில போட்டு மூடி வச்சுட்டு மூலையில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துருக்கு. மாமனாரு வந்து தொறந்து பாத்து, "என்னத்தா இது?"ங்கறாரு. இது கண்ணத் தொடச்சுக்கிட்டு, "எங்க ஊருல இதுக்குப் பேரு உதிரசம் மாமா"ங்குது.

தம்பி: அண்ணே…

மில்லுக்காரர்: அவரு ஒரு கை அள்ளி வாயில போட்டாரு. அந்த மனுசனுக்கு ஒத்தப் பல்லு கெடையாது. மெல்லவே வேணாம், அப்பிடியே கரையுதே ஆத்தான்னு போணிய மடியில வச்சுக்கிட்டாராம். அடுத்த வருசம் உங்க ஆத்தா ஒழுங்கா பதம் பாத்து வட்ட வட்டமா சுட்டு அடுக்கி வச்சா, "எங்கத்தா உதிரசம்?"னு மூஞ்சி சுருங்கிப் போச்சாம். அன்னைக்குப் புடிச்ச சனியன், வருசா வருசம் வேணும்னே கெடுக்க வேண்டியதாப் போச்சு. இங்க உக்காந்து எங்கம்மாகிட்ட பொலம்பும், "சரியா செய்யுறது கூட சுளுவுத்தா, ஒரே மாதிரி தப்பா செய்யுறதுதான் பெரும்பாடு"ன்னு.

தம்பி: இத எங்க பெரியப்பாகிட்ட எப்பிடிண்ணே சொல்றது?

மில்லுக்காரர்: சொல்லாத. பந்தியில வச்ச மனுசன், தாங்க மாட்டாரு.

தம்பி: அப்ப நானும் வேணும்னேதான் கெடுக்கணுமா?

மில்லுக்காரர்: வெல்லம் அதே அளவு. பாகு ரெண்டு வெரலுக்கு நடுவுல கம்பி மாதிரி இழுபட்டதும் எறக்கிரு. மாவக் கொட்டிக் கெளறுனா தளதளன்னு நிக்கும், ஒரு நா மூடி வச்சாலும் சரியா எறுகாது. அப்ப உன் கை சும்மா இருக்காது, இன்னொரு கை மாவப் போட்டா சரியாப் போயிரும்னு தோணும். போட்றாத, அங்கதான் எல்லாரும் திருந்திர்றாய்ங்க. எண்ணெயில கொஞ்சங் கொஞ்சமா விடு, மொத்தமா விட்டா நொரச்சுப் பொங்கி அடுப்ப அணைச்சுரும். இந்தா, அந்த சம்படத்துல என்ன?

தம்பி: வீணாப்போனதுதான். நாப்பத்திமூணு இருக்கு. உங்ககிட்ட காட்டி சண்ட போடலாம்னு கொண்டாந்தேன்.

(மில்லுக்காரர் ஒன்ன எடுக்குறாரு. வெரல் பட்ட எடத்துல மாவு ஒட்டுது, ஊதிட்டு ஒரு கடி. கண்ண மூடுறாரு. இன்னொன்ன எடுக்குறாரு.)

மில்லுக்காரர்: எலேய்… இத போயி வீணுங்கற.

தம்பி: உங்க வீட்லயும் சுடுவாங்கள்ல?

மில்லுக்காரர்: சுடுவா. தட்டுல போட்டா டங்குனு கேக்கும். போன வருசம் சின்னவன் அத வச்சு காலண்டருக்கு ஆணி அடிச்சான். ஏன்னு கேக்க முடியுமா? கேட்டா "உங்க மில்லு மாவு சரியில்ல"ங்கறா.

தம்பி: அப்ப எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்கண்ணே. ஈர மாவுக்கு எவ்வளவு, ஜிபே பண்ணவா?

மில்லுக்காரர்: காசு வேணாம், அரைச்சுத் தர்றேன். சம்படத்த மட்டும் வச்சுட்டுப் போ, நாளைக்கு வாங்கிக்க. அங்கிட்டு இல்லடா! அந்த மிளகாத்தூள் மூட்டைக்குப் பின்னாடி வை, அவ சோறு கொண்டாற்ற நேரம்.

தம்பி: அதிரசத்துல காரம் ஏறிருமேண்ணே.

மில்லுக்காரர்: ஏறட்டும். யாராச்சும் கேட்டா எங்க வம்சத்துல அப்பிடித்தான்னு சொல்லிக்கிறேன்.