வெளித் தெருவுக்கும் போய்ப் பாருங்கள்
யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததோடு கொச்சியின் பல இன வாழ்க்கையும் முடிந்துவிட்டது என்று கொச்சி யூதர்களைப் பற்றி வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி என்னும் யூத ஜெபாலயத்தில் இன்று வழிபாட்டுக்கு ஆள் சேர்வதே அரிது. சரி, அது பெரிய இழப்புதான். ஆனால் ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பெயருள்ள பகுதியில் இருக்கும் தோபி கானாவை, அதாவது சலவைக் கூடத்தைக் கட்டுரையாளர் பார்த்தாரா? காலனி ஆட்சியில் படையினரின் உடுப்புகளை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு போனபோது கொடியில் ஒரு கிளிப்கூட இல்லாததைப் பார்த்து ஒரு பெரியவரிடம் கேட்டேன். முறுக்கிய கயிற்றின் புரியைக் கட்டைவிரலால் விலக்கி, வேட்டி முனையைச் செருகிக் காட்டினார். "காத்தடிச்சாலும் விடாது தம்பி" என்றார், நல்ல தமிழில். கஞ்சி போட்ட துணியின் வாசம் அந்த இடம் முழுக்க இருந்தது. அப்புறம், கோவாவிலிருந்து போர்த்துகீசியருக்குத் தப்பி வந்த கொங்கணிகள், குஜராத்தி வணிகர்கள், கட்ச் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட கச்சி மேமன் முஸ்லிம்கள் எல்லோரும் அதே ஊரில்தான் இன்னும் கடையும் கோயிலும் பள்ளிவாசலுமாக வாழ்கிறார்கள். இவர்களைப் பற்றி ஒரு வரியாவது கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.