இடம் கொடுத்தால் போதாது, பக்கத்தில் சரியான ஆளும் வேண்டும்

கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிற இளம் மிட்ஃபீல்டர் ஒருவன் ரெண்டு மேட்ச் நன்றாக ஆடிவிட்டால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கூச்சல் ஆரம்பித்துவிடும். "முதல் பதினொன்னுல போடுங்கய்யா", "கோச்சுக்குக் கண்ணு தெரியலையா?" சின்னப்பம்பட்டி நடராஜனைத் தந்த சேலம் மாவட்டம் இது. இங்கே முதல் மரியாதை கிரிக்கெட்டுக்குத்தான், கால்பந்து பார்க்கிற கூட்டம் சின்னது. ராத்திரி மேட்சைப் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலம் அஸ்தம்பட்டிப் பக்கம் தட்டுவடை செட் கடையில் நின்றபடி அதைப் பற்றிப் பேசித் தீர்ப்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றிலும் சண்டை போடுகிற அந்தக் கூட்டம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசும்: பையன் ஆட வேண்டும்.

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அவன் எங்கே நிற்க வேண்டும், பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மிட்ஃபீல்டில் ஒரு பையனைச் சேர்ப்பது ஃபார்வர்டைச் சேர்ப்பது போன்ற வேலை அல்ல. ஃபார்வர்டு எண்பது நிமிஷம் காணாமல் போய்விட்டு ஒரு கோல் அடித்தால் தப்பித்துவிடுவான். நடுவில் நிற்பவன் செய்கிற ஒவ்வொரு காரியமும் பக்கத்தில் நிற்பவனைச் சார்ந்தது. அதனால் அவனைப் போடலாமா வேண்டாமா என்பதைவிட, அவனோடு யாரைப் போடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் கோபி மைனூவைப் பார்ப்போம். 2005 ஏப்ரலில் பிறந்தவன். 2023 நவம்பர் 26 அன்று எவர்ட்டன் மைதானத்தில்தான் பிரீமியர் லீகில் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடினான். கர்னாச்சோ அடித்த பைசைக்கிள் கிக்கால் அந்த மேட்ச் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். என் கண்ணெல்லாம் மைனூ மேல்தான் இருந்தது. கோல் கோட்டிலிருந்து ஒரு பந்தை வெளியே தட்டிவிட்டான், அது ஒரு பக்கம். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவான். எதிராளி நெருங்கும்போது அவசரப்பட மாட்டான். முதல் தொடுதலிலேயே உடம்பைத் திருப்பி, நெருக்கி வந்தவனைப் பின்னால் விட்டுவிடுவான். நெருக்கடியில் பந்து வாங்கித் திரும்புவது மிட்ஃபீல்டில் மிகக் கடினமான வேலை. பத்து வருஷம் ஆடியவர்களே அந்த நேரத்தில் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

அவனிடம் இல்லாததும் உண்டு. பந்து பறிபோனால் நாற்பது கெஜம் ஓடித் திரும்பி வந்து மூடுகிற வேகம் கிடையாது. அதனால் அந்த ஓட்டத்தை ஓட ஒருவர் பக்கத்தில் இருந்தால் மைனூ பிரகாசிப்பான், இல்லாவிட்டால் தடுமாறுவான். 2024 மே 25, எஃப்ஏ கோப்பை இறுதியாட்டம், எதிரே மான்செஸ்டர் சிட்டி. அப்போதைய யுனைடெட் கோச் டென் ஹாக் அவன் பக்கத்தில் அம்ராபத்தை நிறுத்தினார், அணித் தலைவர் புரூனோவையும் மெக்டோமினேயையும் முன்னால் தள்ளினார். 2-1 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில் இரண்டாவது கோல் மைனூவுடையது. அதே கோடையில் யூரோ போட்டிகளில் இங்கிலாந்துக் கோச் சவுத்கேட் டெக்லன் ரைஸுக்கு ஜோடி தேடி அலெக்சாண்டர்-அர்னால்டைப் போட்டுப் பார்த்தார், காலகரைப் போட்டுப் பார்த்தார், கடைசியில் ஸ்லோவாக்கியா ஆட்டத்திலிருந்து மைனூவைப் போட்டார். இங்கிலாந்து இறுதியாட்டம் வரை போனது. ரைஸ் ஓடுவார், மைனூ பந்தை வாங்குவான். ஜோடி என்றால் இதுதான்.

அப்புறம் 2024 நவம்பரில் யுனைடெட்டுக்குப் புதுக் கோச்சாக அமோரிம் வந்தார். மூன்று டிஃபென்டர், பக்கவாட்டில் ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடுகிற இரண்டு விங்பேக், நடுவில் இரண்டே பேர். மைதானத்தின் முழு அகலத்தையும் அந்த இரண்டு பேர்தான் காக்க வேண்டும். புரூனோ அந்த இரண்டு இடங்களில் ஒன்றுக்கு இறங்கி வர, மிச்சம் இருந்தது ஒரே இடம். புரூனோவும் மைனூவும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள் என்று அமோரிமே வெளிப்படையாகச் சொன்னார். 2025 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் மைனூவைக் கொண்டுபோய் ஃபார்வர்டு இடத்தில் நிறுத்தினார். 0-2 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்க எனக்கு மனசு வலித்தது. எதிர்க் கோலை நோக்கி நின்று ஆட வேண்டியவன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைக்கு மேல் போகிற பந்துகளுக்குக் காத்திருந்தான்.

ஏப்ரலில் லியோன் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசியில் ஒரு கோல் அடித்து 4-4 ஆக்கினான், அடுத்த நிமிஷமே மகுவைர் வெற்றி கோல் அடித்தார். "பாத்தியா, இவன் முன்னாடி ஆடுற ஆளு" என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் சொன்னார்கள். அந்த முடிவை நான் ஏற்கவே இல்லை. எல்லோரும் களைத்துப்போய் மைதானம் திறந்து கிடக்கும்போது விழுந்த ஒரு கோலை வைத்து ஒரு பையனின் இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

அமோரிம் கெட்ட கோச் என்று நான் சொல்ல வரவில்லை. தன் அமைப்பை அவர் உறுதியாக நம்பினார், அந்த அமைப்பில் மைனூவுக்கு இடம் இல்லை. 2025-26 சீசனில் அவர் இருந்தவரை லீக் ஆட்டம் ஒன்றில்கூட மைனூ முதல் பதினொன்றில் இறங்கவில்லை. ஜனவரியில் அமோரிம் போனார், கேரிக் வந்தார். சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் காசமிரோ பக்கத்தில் மைனூ, முன்னால் புரூனோ. 2-0. அந்தச் சில நாட்களில் மைனூ புதிதாக என்ன கற்றிருக்க முடியும்? அதே பையன், அதே கால். சுற்றி நின்றவர்களின் இடம்தான் மாறியிருந்தது.

ரியல் மாட்ரிட்டில் இதையே அப்போதைய கோச் அன்செலோட்டி தொடக்கத்திலேயே யோசித்தார். 2023 கோடையில் பென்சிமா சவூதிக்குப் போய்விட்டார், அந்த இடத்துக்குப் பெரிய ஃபார்வர்டை வாங்கவில்லை. ஜெர்மன் கிளப் டார்ட்மண்டிலிருந்து இருபது வயது பெல்லிங்கம் வந்தான். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த 4-3-3 அமைப்பை (பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று பேர்) விட்டுவிட்டு, நடுவில் நான்கு பேரை வைர வடிவத்தில் நிறுத்தி, அதன் முனையில் அவனை வைத்தார். அவனுக்குப் பின்னால் ஓடுவதற்கு வால்வெர்டே போன்ற ஆட்கள் இருந்தார்கள். அவன் பெனால்டி பாக்ஸுக்குள் ஓடினான், அந்த சீசன் லீகில் மட்டும் 19 கோல். லா லிகாவும் சாம்பியன்ஸ் லீகும் கைக்கு வந்தன. அதே கிளப்பில், அதே வருஷம், துருக்கியிலிருந்து வந்த ஆர்தா குலெர் மாதக்கணக்கில் பெஞ்சில் இருந்தான். முதலில் காயம், பிறகு இடம் இல்லை. விங்கில் ஆடுகிற ஆள் என்றே அவனை எல்லோரும் கணக்குப் போட்டார்கள். 2025-இல் சாபி அலோன்சோ கோச்சாக வந்து கிளப் உலகக் கோப்பையில் அவனைக் கொஞ்சம் பின்னால் இறக்கி, பந்தை அதிகம் தொடுகிற இடத்தில் வைத்த பிறகுதான் அவனுடைய இடது காலின் அருமை பலருக்குத் தெரிந்தது.

நிமிஷக் கணக்கும் இருக்கிறது. நல்ல இடம், நல்ல ஜோடி எல்லாம் அமைந்த பிறகு பையனைப் பிழிந்து எடுக்கிற கொடுமை. 2020-21-இல் பெட்ரி பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினான். யூரோ முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக். அப்போது வயது பதினெட்டு. அடுத்த சில சீசன்களில் தொடைத் தசை திரும்பத் திரும்பப் பிய்ந்தது. கோச் ஒருவர் மட்டும் செய்த தவறு அல்ல இது. கிளப்பும் தேசிய அணியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. வேண்டாம் என்று சொல்கிற வயதும் அவனுக்கு இல்லை.

மாறாக ஃபோடன். 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கொல்கத்தாவில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான், இங்கிலாந்து 5-2 என்று ஜெயித்தது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்குத்தான். அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டியில் கோச் கார்டியோலா அவனைச் சாம்பியன்ஸ் லீகில் இறக்கினார். ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிஷம் கொடுத்தார், வேறு கிளப்புக்குக் கடனுக்கும் அனுப்பவில்லை. மூத்த மிட்ஃபீல்டர் டேவிட் சில்வா 2020-இல் கிளம்பிய பிறகுதான் அவனுக்கு முழு இடம். "வேஸ்ட் பண்றாரு" என்று அப்போது கத்தியவர்களில் நம் ஊர் ஆட்களும் உண்டு.

பொதுவாக நிமிஷம் கொடுப்பதில் பெரும்பாலான கோச்சுகள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிப்பதில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது 75-ஆவது நிமிஷத்தில் இளம் மிட்ஃபீல்டரை இறக்குவார்கள். அந்த நேரத்தில் நடுக்களமே இருக்காது. பின்னாலிருந்து முன்னால் நீளப் பந்து பறந்துகொண்டிருக்கும், பையன் தலையை நிமிர்த்திப் பந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். மேட்ச் முடிந்ததும் "சான்ஸ் குடுத்தோம், ஒண்ணும் பண்ணல" என்பார்கள். அதைவிட, சொந்த மைதானத்தில் முதலிலிருந்தே இறக்கி அறுபதாவது நிமிஷத்தில் வெளியே எடுங்கள். ஆட்டம் ஒழுங்காக இருக்கிற நேரத்தில், இரண்டு அணியும் அதனதன் இடத்தில் நிற்கிற நேரத்தில் அவன் ஆடட்டும். கால் களைப்பதற்கு முன் பெஞ்சுக்கு வந்து மிச்சத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

நம்மூர் கதைக்கு வருகிறேன். ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீகில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்கள் களத்தில் இருக்கலாம். அந்த நான்கு பேரை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள்: சென்டர் பேக், நடுக்களம், அட்டாக்கிங் மிட்ஃபீல்டு, ஃபார்வர்டு. முதுகெலும்பு முழுக்க அவர்களுக்கு. நடுவில் ஆடிப் பழகிய நம் பையனுக்குக் கிடைப்பது ஓரம். இதில் கோச்சுகளைத் திட்டிப் பயனில்லை, நாலு மேட்ச் தோற்றால் வேலை போய்விடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஓரத்துக்குப் போனதாலேயே எல்லோரும் வீணாகிவிடவில்லை. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பில் அட்டாக்கிங் மிட்ஃபீல்டராக மின்னியவர். 2019-20-இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் கோச் ஹபாஸ் அவரை இடது விங்பேக்காக ஆட வைத்தார், அந்த வருஷம் ஏடிகேவே கோப்பையை வென்றது. ஹபாஸிடம் ஒரு முழுத் திட்டம் இருந்தது, அதில் சூசைராஜின் ஓட்டத்துக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அதையும், வேறு இடம் காலி இல்லை என்பதற்காக ஒருவனை ஓரத்தில் ஒதுக்குவதையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

சென்னையின் எஃப்சியே நல்ல உதாரணம் காட்டியிருக்கிறது. 2016-இல் பதினெட்டு வயது அனிருத் தாபாவை எடுத்தார்கள், அவசரப்படாமல் நடுக்களத்திலேயே வளர்த்தார்கள், பின்னாளில் அவர் அணித் தலைவரானார். 2017-18-இல் கோப்பை வென்ற அணியில் வியாசர்பாடி தனபால் கணேஷ் டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று இடிகளைத் தாங்கினார். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் அடித்தார். அவர் அங்கே நின்றதால்தான் ரஃபேல் அகுஸ்டோ முன்னால் சுதந்திரமாகத் திரிய முடிந்தது. நம் ஆட்களை நடுவில் நம்பி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்காடு மேலே ஒரு சிற்றூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து சேலத்தில் பயிற்சி எடுக்கிற ஒரு பையனைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். அப்பா அம்மா காபித் தோட்ட வேலை. சமதளம் கிடைக்காத மலையில், ஒரு பக்கம் சரிந்த மைதானத்தில் ஆடிப் பழகியவன் என்பதால் பந்து எந்தப் பக்கம் உருளும் என்பது காலுக்குத் தெரிகிறது. டிஃபென்டர் கொடுக்கிற பாஸை அவன் நிறுத்துவதே இல்லை. உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு, வலது காலின் வெளிப்பக்கத்தால் லேசாகத் தொட்டு, ஒரே அசைவில் முன்னால் திரும்பிவிடுகிறான். பின்னாலிருந்து நெருக்க வந்தவன் வெறும் காற்றைத்தான் இடிக்கிறான்.

மேட்ச் அன்றைக்கு அவனை வலது ஓரத்தில் நிறுத்துகிறார்கள். நடுவில் மூத்தவர்கள் இருவர், இருவருமே பந்தை உள்ளே வாங்கி ஆட ஆசைப்படுகிறவர்கள். ஓரத்தில் பையனுக்குப் பந்து வருவதற்குள் பக்கவாட்டுக் கோடு அவனை நெருக்கிவிடுகிறது. அவனுடைய அந்தத் திரும்பல் அங்கே பாதிதான் வேலை செய்கிறது, ஒரு பக்கம் திரும்பினால் பந்து வெளியே. வேகமான ஆளும் அல்ல அவன். இரண்டு தடவை பந்தை இழந்தால் கோட்டுக்கு வெளியிலிருந்து அதட்டல். அடுத்து வருகிற பந்தைப் பயந்துபோய் உடனே பின்னால் தள்ளிவிடுகிறான்.

அந்த அணியின் கோச் அண்ணன் எனக்குத் தெரிந்தவர், சம்பளம் வாங்காமல் விடியற்காலையில் மைதானத்துக்கு வருகிறவர், இதைப் படிப்பார். அண்ணே, மூத்தவர்களைத் தூக்கிவிட்டு இவனை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருவரில் ஒருவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள், அவருக்கும் கோல் அடிக்க ஆசை இருக்கிறது. லெஃப்ட் பேக்கில் ஆடுகிறானே, ஐடிஐ படிக்கிற பையன், மூச்சு வாங்காமல் ஓடுகிறவன், அவனை இவன் பக்கத்தில் நடுவில் போடுங்கள். முதல் பாதி மட்டும் போதும். ஓட வேண்டியதை அவன் ஓடட்டும், பந்து வாங்க வேண்டியதை இவன் வாங்கட்டும். தோற்றால் அடுத்த வாரம் பழையபடி மாற்றிவிடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.