சம்பளம் வாங்கினார்கள் அல்லவா?

மருந்து ஒன்றை உருவாக்கியதற்காக ஒருவருக்கு விருது கொடுத்த விழாவின் காணொளியை இதற்குள் பலரும் பார்த்திருப்பீர்கள். விருது பெற்றவர் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை, அவர் தகுதியானவர்தான். அந்த மருந்தை 'தனியொருவரின் தவம்' என்று மேடையில் வாசித்தார்களே, அதுதான் உறுத்துகிறது. உடன் உழைத்தவர்களின் பெயர்கள் எங்கே என்று கேட்டதற்கு, 'அவர்கள் சம்பளம் வாங்கினார்கள் அல்லவா' என்று நண்பர் ஒருவர் பதில் எழுதினார். விருது பெற்றவர் மட்டும் சம்பளம் வாங்காமலா வேலை பார்த்தார்?

1945-இல் பெனிசிலினுக்கான நோபல் பரிசை ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் ஆகிய மூவரும் பெற்றார்கள். 1940 மே மாதம் எட்டு எலிகளுக்குக் கிருமியைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தபின், மருந்து பெறாத நான்கும் இறந்துபோகும்வரை, அதிகாலை மூன்றே முக்கால் மணிவரை கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபுளோரியின் குழுவில் இருந்த நார்மன் ஹீட்லி. பெனிசிலின் தரும் பூஞ்சையை வளர்க்கப் பாத்திரம் போதாமல் மருத்துவமனை பெட்பேன்களில் வளர்த்தவரும் அவர்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது 1990-இல்.

நோபலை மூவருக்கு மேல் பகிர முடியாது என்று விதியைக் காட்டுவார்கள். பரிசைப் பகிரச் சொல்லவில்லை ஐயா, பெயரைச் சொல்லுங்கள் என்கிறேன். யோசனை ஆய்வுக் குழுத் தலைவருடையது என்பார்கள். பல நேரங்களில் அது உண்மைதான். ஆனால் 1943-இல் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், தன் பங்கை ஒப்புக்கொள்ள வைக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அப்படிப் போன பிறகும் 1952-இல் நோபல் அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மன் ஒருவருக்கே போனது.

'உனக்குப் பொறாமை' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் இருக்கலாம். ஆறு ஆண்டுகள் ஒரு மருந்து ஆய்வகத்தில், மருந்தில் கலந்திருப்பவற்றைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஓர் இரவு, வரைபடத்தில் மருந்தைக் காட்டும் உச்சத்திற்குப் பக்கத்தில் எறும்பளவில் இன்னொரு உச்சம் தெரிந்தது. கருவியின் கோளாறு என்று விட்டிருக்கலாம். நான்கு முறை திரும்ப ஓட்டினேன், நான்கு முறையும் அது அங்கேயே நின்றது. அந்த உச்சம் காட்டிக்கொடுத்த மாசுப்பொருளால்தான் மாத்திரையின் சேர்மானத்தையே பிறகு மாற்றினார்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. யாருக்கு என்று இல்லை. அதற்காகத் தலைவருக்கு விருது கிடைத்த அன்று, கேடயத்தோடு குழுவினர் நின்ற படம் ஒன்று வெளியானது. அதில் நான் இல்லை. 'நீ கொஞ்சம் எடு' என்று கேமராவை என்னிடம்தான் கொடுத்தார்கள்.