2100 என்றால் 2100தான்

(ஓய்வுபெற்ற தச்சர் மாணிக்கம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகள் கோமதி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகனின் கணக்கு நோட்டோடு வருகிறாள். நோட்டில் நீல மையைவிடச் சிவப்பு மை அதிகம்.)

கோமதி: அப்பா, நேற்று இனியனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தது யார்?

மாணிக்கம்: ஏன், முழு மதிப்பெண்ணா?

கோமதி: கேள்வியைக் கேளுங்கள். "கதவின் உயரத்தை எந்த அலகில் சொல்வாய்? மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா, மீட்டரா, கிலோமீட்டரா?" பிள்ளை மில்லிமீட்டரை வட்டமிட்டிருக்கிறான். பக்கத்தில் 2100 என்று வேறு எழுதியிருக்கிறான்.

மாணிக்கம்: சரியான விடை. இதற்கா தப்புக் குறி போட்டிருக்கிறார்கள்?

கோமதி: மீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு மீட்டர் சொச்சம்.

மாணிக்கம்: சொச்சமா! நாற்பது வருடம் கதவு செய்தவனிடம் வந்து சொச்சம் என்கிறாயே! நான் சொச்சம் வைத்துக் கதவு செய்திருந்தால் அந்தச் சொச்சத்தின் வழியாகப் பூனை குடும்பத்தோடு போய் வந்திருக்கும். கட்டட வரைபடத்தை எடுத்துப் பார். முழு வீட்டையும் மில்லிமீட்டரில்தான் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகுகூட எழுத மாட்டார்கள். பார்க்கிறவனுக்குத் தெரியும்.

கோமதி: இங்கே பார்க்கிறவனுக்கு ஏழு வயது. அவனுக்கு 2100 வரை எண்ணவே வராது.

மாணிக்கம்: அதனால்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.

கோமதி: நன்றாகக் கொடுத்தீர்கள். குழந்தைக்கு எண் கைக்குள் அடங்க வேண்டும், அப்பா. கதவுக்கு இரண்டு, பென்சிலுக்குப் பதினைந்து என்று வந்தால் அலகு பொருந்திவிட்டது. ஆயிரக்கணக்கில் ஓடினால் இன்னும் பெரிய அலகு வேண்டும் என்று அவனுக்கே தோன்ற வேண்டும்.

மாணிக்கம்: அப்படியா? எவரெஸ்ட் சிகரம் எவ்வளவு உயரம்? 2020-இல் மறுபடி அளந்து 8,848.86 மீட்டர் என்றார்கள். கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் என்று ஏன் விட்டுவிடவில்லை? அந்தக் கடைசி 86 சென்டிமீட்டர் இடுப்பளவு வருமே, அதை விட மனம் வரவில்லை! அது போகட்டும், ஊரே மூழ்கினாலும் 200 மில்லிமீட்டர் மழை என்றுதான் சொல்கிறார்கள். 0.2 மீட்டர் மழை என்று சொல்லிப் பார், ஒருவரும் குடை எடுக்க மாட்டார்கள்.

கோமதி: ஒப்புக்கொள்கிறேன். பொருள் எவ்வளவு பெரியது என்பது ஒரு பாடம். எவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பது இன்னொரு பாடம். இரண்டாவதை மீசை முளைத்த பிறகு படிக்கட்டும். இப்போது அடுத்த விடைக்கு வாருங்கள். எறும்பின் நீளம், எட்டுச் சாண்!

மாணிக்கம்: அது நானில்லை. "எறும்பும் தன் கையால் எண் சாண்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பிள்ளை குறித்துக்கொண்டான்.

கோமதி: "அந்த எறும்பு வரும் நாளில் வகுப்புக்கு விடுமுறை" என்று டீச்சர் எழுதியிருக்கிறார்.

மாணிக்கம்: தன் கையால் என்று தெளிவாகத்தானே சொன்னேன்.

கோமதி: அங்கேதானே பாடம் இருக்கிறது! எறும்புக்கு ஒரு சாண், உங்களுக்கு ஒரு சாண், அவனுக்கு ஒரு சாண். ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மீட்டர் தேவைப்பட்டது.

மாணிக்கம்: அது உண்மை. எனக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து இந்த வராந்தாவே நீண்டுவிட்டது. முன்பெல்லாம் பத்து எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். இப்போது பதினாறு வைத்தாலும் சுவர் தள்ளித்தான் நிற்கிறது.

கோமதி: அவன் பிடித்துக்கொள்ள ஏதாவது காட்டுங்கள், அப்பா. சுண்டுவிரல் அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. ஏடிஎம் அட்டையின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கால் மணி நேரம் நடந்தால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு வரும். தரையிலிருந்து கதவின் கைப்பிடி வரை...

மாணிக்கம்: ஆயிரத்தில் வைப்பேன்.

கோமதி: அதாவது ஒரு மீட்டர்.

மாணிக்கம்: ஆயிரம்.

கோமதி: சரி, ஆயிரம்! அவன் எங்கே? சத்தத்தையே காணோம்.

மாணிக்கம்: கூடத்தின் நீளத்தை அளக்கிறான். அழிப்பானால்.

கோமதி: அழிப்பானாலா? உங்கள் டேப் என்னவாயிற்று?

மாணிக்கம்: அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. டேப்பைக் கையில் கொடுத்துவிட்டால் அலகைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு என்ன வேலை? சின்னதை வைத்துப் பெரிய இடத்தை அளந்து இடுப்பு ஒடியட்டும். "தாத்தா, இதைவிட நீளமாக ஏதாவது கொடு" என்று அவனாகவே கேட்பான். கேட்டதும் மீட்டர் கோலை எடுத்து நீட்டலாம் என்று காத்திருக்கிறேன்.

கோமதி: (குரல் இறங்கி) நல்ல யோசனைதான். கேட்டானா?

மாணிக்கம்: இல்லை. போகும்போது 104 அழிப்பான் வந்தது. திரும்பி வரும்போது 119.

கோமதி: அதே கூடம்தானே?

மாணிக்கம்: அதே கூடம், அதே அழிப்பான். எண்ணிக்கையில் தவறு என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். அழிப்பானை வைக்கிறான், அதன் முனையில் பென்சிலால் தரையில் கோடு போடுகிறான். நீ திட்டுவாய் என்று முந்தைய கோட்டை உடனே அழித்துவிடுகிறான்.

கோமதி: எதை வைத்து?

மாணிக்கம்: வேறு எதை வைத்து அழிப்பான்?

(எழுதுகிறவன் குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். மீட்டருக்கும் இந்தக் கவலை இருந்தது. 1799-இல் அது ஒரு பிளாட்டினப் பட்டையாகப் பாரிஸில் பூட்டி வைக்கப்பட்டது. இடையில் வேறு சில வழிகளையும் பார்த்துவிட்டு, ஒளி ஒரு நொடியில் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் கடக்கும் தூரமே மீட்டர் என்று 1983-இல் முடிவு செய்தார்கள். ஒளியைத் தரையில் தேய்த்து யாரும் கோடு அழிக்க முடியாது.)

கோமதி: (தலையில் கை வைத்து) நாளைய வீட்டுப்பாடத்தில் ஒரே கேள்விதான் பாக்கி. "உன் அழிப்பானின் நீளம் எந்த அலகில்?" தயவுசெய்து சென்டிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள்.

மாணிக்கம்: நீ சீக்கிரம் உள்ளே போனால் சென்டிமீட்டர். இன்னும் நாலு நடை போய் வந்துவிட்டான் என்றால் மில்லிமீட்டர்தான்.